தெருவில் தின்றவனின் சாட்சி

1

இக்கதை கற்பனையில் முளைத்ததன்று, கோபத்தில் முளைத்தது. கெய்ரோவில் நெடுங்காலம் இலக்கணம் கற்பித்து ஓய்ந்த நான், ஒரு பிற்பகல், வழக்குத் தீர்க்கும் காஜியாரின் மன்றத்தில் அமர்ந்திருந்தேன். வீடு திரும்பியதும் எழுதலானேன். முதல் தொடக்கம் இது:

நைல் பெருகிய அவ்வாண்டில், நீதி தழைத்தோங்கும் நம் நகரில்—

பொய். அடித்துவிட்டேன். இரண்டாவது:

சுதைத்தா என்னும் கைம்பெண்ணின் வீட்டை அமீர் ஒருவர் பறித்தார்.

இது நிற்கட்டும். (அமீரின் பெயரை எழுதமாட்டேன். பறித்த மனையில் மத்ரஸா கட்டி, வாயிற்கல்லில் அவரே பொறித்துக்கொள்வார்.)

2

அமீரின் காரியஸ்தர் ஆட்களுடன் வந்து, சுதைத்தாவைத் தெருவிற்கு இழுத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். பின்னர், அவளே மனமுவந்து விற்றாள் என்றார். வழக்கு மன்றத்திற்கு வந்தது. இழுத்ததைக் கண்டோம் என முன்வந்தோர் இருவர்: பள்ளிவாசல் இமாம்; எதிர்க்கடையில் சேணம் தைக்கும் ஷுஐப். சட்டம் கேட்பதும் இருவரையே. ஆயின் இருவரும் ஒழுக்கமுடையோராய் இருத்தல் வேண்டும்.

இமாமின் சாட்சி ஏற்கப்பட்டது. ஷுஐப் எழுந்தான். காரியஸ்தர் குறுக்கிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க காஜியாரே. ஏம்ப்பா ஷுஐப், இங்க வர்ற வழியில என்னமோ தின்னுட்டு வந்தியே, என்னது?"

"மொச்சை."

"எங்க வச்சு?"

"ரொட்டிக்குள்ள வச்சு."

மன்றம் சிரித்தது.

"இடத்தைக் கேட்டேன்ப்பா!"

"நடந்துகிட்டேதான் தின்னேன். வேலையப் போட்டுட்டு ஓடியாந்தேன், பசிச்சுது. எங்க வீட்ல அடுப்பா இருக்கு? இந்த ஊர்ல பாதிப் பேர் கடையில வாங்கித்தான திங்கிறோம்?"

"வாங்க வேணாம்னு யார் சொன்னா? வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கணும்."

காஜியார் தலைகுனிந்தார். தெருவில் தின்பவனுக்கு நாணமில்லை. நாணமில்லாதவன் சொல் சாட்சியாகாது. அவர் பயின்ற நூல்கள் அவ்வாறே கூறுகின்றன. ஷுஐபைத் தள்ளினார்.

சுதைத்தா எழுந்தாள். "அவன் வாயில மொச்சை இருந்துச்சு, சரி. பார்த்தது கண்ணாலதான காஜியாரே?"

"சட்டம்மா அது."

"என் முடியப் புடிச்சு இழுத்ததும் தெருவுலதான். அதுக்கு நாணம் வேணாமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

3

ஷுஐபைத் திருத்திப் பார்த்தேன். அவன் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கினேன். அவனை நோன்பிருக்கச் செய்தேன். ஷுஐப் பசியை அடக்கிக்கொண்டு மன்றத்தினுள்— என்று எழுதுகையில் கை நின்றது. ஏன் அடக்க வேண்டும்? அவனை ஏன் திருத்த வேண்டும்? முந்தின நாள் அமீரின் மாளிகையில் ஆடும் வாத்தும் தேன்பணியாரமும் உண்டு, விரல் சூப்பியவர்கள் பலர் அன்று மன்றத்தின் முன்வரிசையில் இருந்தனர். கதவைச் சாத்திக்கொண்டு உண்டனர். ஆதலின் அவர்தம் ஒழுக்கத்திற்கு யாதொரு குறையுமில்லை!

(அடிக்குறிப்பு: காஜியார் அவ்விருந்திற்குச் செல்லவில்லை. கையூட்டு வாங்குபவரும் அல்லர். வாங்கியிருந்தாலாவது இவ்வளவு எரிச்சல் வந்திராது.)

4

முடிவுகள். சுல்தானின் செவிக்கு எட்டி, வீடு மீள்கிறது. [சுல்தானைக் கொண்டு கதை முடிக்கும் வயதை நான் கடந்துவிட்டேன்.] அமீர் குதிரையினின்று விழுந்து மாள்கிறார். [வீடு அவர் மக்களுக்குப் போகும், அவளுக்கன்று.] சுதைத்தா அழுதவாறே— இல்லை, அவள் அழவில்லை. அவள் கேட்டது இது:

"இன்னொரு சாட்சி கொண்டாந்தா?"

காஜியார் நிமிர்ந்தார். "கொண்டு வாம்மா. அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் எந்திரிக்கமாட்டேன்."

அவள் வாயிலுக்கு ஓடினாள்.

"பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? அன்னிக்கு இந்தத் தெருவே கூடி நின்னுச்சே! ஒருத்தர் போதும்யா, ஒரே ஒருத்தர்!"

கூடி நின்றவர்களுள் பலர் அப்போதும் அவ்வழியே சென்றுகொண்டிருந்தனர். சுமை தூக்கியவர் சுமையைப் பார்த்தார். கழுதைக்காரர் கழுதையைப் பார்த்தார்.

இவர்களுள் ஒருவரை நான் எளிதில் நிறுத்திவிடலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அது பொய்ச்சாட்சி புனைவதாகும். என் கதையிலும் அதனைச் செய்யேன். ஆகவே எழுவாயை மட்டும் எழுதாது விடுகிறேன், வாசகரே. வினைமுற்று உம்மை நோக்கி நிற்கிறது:

. . . . . . . . . . . . . . . . மன்றத்தினுள் நுழைந்து, "நான் பார்த்தேன்" என்றார்.