பள்ளத்துத் தோட்டம்

திண்டுக்கல்லில் வண்டிக்காரச் சந்துக்கு வழி கேட்டால், அந்தக் காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வழி சொல்வார்கள். மொத்தம் பதினான்கு வீடுகள், ஒரே ஒரு கிணறு. சந்து சரிந்து போய் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பள்ளம். பதினான்கு வீட்டிலும் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். எச்சில் இலை, கோழி இறகு, கிழிந்த பாய், செத்த எலி என்று எதை எறிவதானாலும் அங்கேதான். பகலெல்லாம் பன்றிகள் அதில் புரண்டு கிடக்கும். பொழுது சாய்ந்தால் கொசு மேகம் மாதிரி எழும்பும்.

பள்ளத்தை ஒட்டிய கடைசி வீடு பழனியம்மாளுடையது. ஆத்தூர்ப் பக்கம் சம்சாரி வீட்டில் பிறந்தவள். வயலை விட்டு டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததில் அவளுக்குத் துளியும் வருத்தம் கிடையாது. இனிமேல் சேற்றில் கால் வைக்காமல் செத்துப்போனால் போதும் என்று வாய்விட்டே சொன்னவள். புருஷன் நாச்சிமுத்து புகையிலை குடோனில் பொதி கட்டுகிறவன். ஒரே மகள் பொன்னழகு.

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம் பொன்னழகைப் பெண் பார்க்கத் தொப்பம்பட்டியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெண் பிடித்திருந்தது. ஜாதகமும் சரியாக இருந்தது. காப்பி கொண்டுவந்து வைத்த நேரத்தில் காற்று பள்ளத்துப் பக்கமிருந்து திரும்பியது. மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, இந்த நாத்தத்துல எப்படிங்க சோறு உங்கறீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் பழனியம்மாளுக்குத் தாங்கவில்லை. டம்ளர்களில் காப்பி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. வந்தவர்கள் அதைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் பழனியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மம்பட்டியோடு பள்ளத்துக்குள் இறங்கினாள்.

முதலில், சந்துத் தண்ணீர் வந்து விழுகிற வாயில் ஓர் ஆள் மட்டத்துக்குக் குழி வெட்டி, செங்கல் ஜல்லியும் மணலும் கொட்டினாள். கசடு அங்கே தங்கிவிட, தெளிந்த தண்ணீர் மட்டும் தாண்டிப் போயிற்று. அது போகிற வாய்க்கால் ஓரமெல்லாம் கல்வாழையும் சேம்பும் நட்டாள். அதற்கு அப்பால் வாழை. சாக்கடைத் தண்ணீரைக் குடிப்பதில் வாழையை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது என்பது அவள் பிறந்த வீட்டுப் புழக்கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டது. பிறகு வீடு வீடாகப் போய் நின்றாள்.

"அடுப்புச் சாம்பலையும் காய்த்தோலையும் பள்ளத்துல எறியாதீக. தனியா ஒரு கூடையில போட்டு வைங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்."

சிரித்தார்கள். குப்பைக்காரி என்று பேர் வைத்தார்கள். எதிர்வீட்டு ஜெய்தூன் பீவி மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே இரண்டு கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் மீரான் கறிக்கடை வைத்திருந்தார். வாரா வாரம் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்துவந்து வாசலில் கட்டுவார். அந்த ஆட்டுப் புழுக்கை முழுக்கப் பள்ளத்துக்குத்தான் என்று ஜெய்தூன் சொல்லிவிட்டாள். பழனியம்மாளைவிட அவள் இரண்டு வயது மூத்தவள். அன்றைக்கிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் கூடை தூக்கினார்கள்.

முதல் தார் வெட்டியபோது பழனியம்மாள் வீட்டுக்கு ஒரு சீப்பு கொடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வருஷம் பள்ளமே தெரியவில்லை. அகத்தி, முருங்கை, கத்தரி, பூசணிக்கொடி, பாத்தி பாத்தியாகக் கீரை. குப்பை மக்கி மண்ணாகிக்கொண்டே வந்ததில் தரை இரண்டு முழம் உயர்ந்துவிட்டது. பன்றிகள் வேறு தெரு பார்த்துப் போய்விட்டன. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினார்கள். அறுபத்தொன்றாம் வருஷக் கோடையில் பக்கத்துத் தெருக் கிணறுகள் தூர் தட்டிப்போனபோது, வண்டிக்காரச் சந்துக் கிணற்றில் மூன்று முழம் தண்ணீர் நின்றது. அடுத்த தெருப் பெண்கள் குடத்தோடு வந்து கெஞ்சினார்கள். பழனியம்மாள் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. பொன்னழகுக்கும் நல்ல இடமாக அமைந்தது. கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய வாழை மரம் அந்தத் தோட்டத்தில் வெட்டியதுதான்.

நாச்சிமுத்து இத்தனை வருஷத்தில் ஒரு நாள் மம்பட்டியைத் தொட்டதில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்டான். குறை சொல்லவும் மாட்டான்.

அறுபத்துமூன்றில், பங்குனி வெயிலில் ஒருநாள், சோலைமுத்து வந்தார். வெங்காய மண்டி முதலாளி. வெள்ளை வேட்டி, கையில் குடை. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாத்தியை மிதிக்காமல், வரப்பில் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தார். பேச்சும் மரியாதையான பேச்சு.

"இது எங்க பாட்டன் வாங்கிப் போட்ட இடம்மா. பன்னி கெடக்குற குழின்னு இத்தன வருஷம் நாங்களும் எட்டிப் பாக்கல. நீங்க தங்கமா ஆக்கி வச்சிருக்கீக. இப்பத்தான் இது இடம்னே கண்ணுக்குத் தெரியுது."

"என்ன செய்யப் போறீகய்யா?"

"மண்டிக்கு குடோன் பத்தல. இங்க கட்டிரலாம்னு இருக்கேன்."

"இது தண்ணி இறங்குற இடங்கய்யா. பதினாலு வீட்டுத் தண்ணி. இதை அடைச்சா அது எங்க போகும்?"

"மண்ணடிச்சு மேடாக்கிட்டா தண்ணி தானா வேற வழி பாத்துக்கிரும்" என்று சிரித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

பழனியம்மாள் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டாள். பத்திரம் சோலைமுத்து கையில் இருக்கிறது, இடத்தை மீட்பது நடக்காத காரியம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "ஆனா தெருத் தண்ணி காலங்காலமா அங்கதான் இறங்குது, நீ இத்தன வருஷமா பாடுபட்டு வச்சிருக்கேன்னு தெருக்காரங்க சேர்ந்து சொன்னா, கட்டடத்துக்குத் தடை வாங்கலாம். தண்ணிக்கு வழி விட்டுக் கட்டுன்னு கோர்ட்டு சொல்லும். தெரு சொல்லணும், அதுதான் முக்கியம்."

தெரு சொல்லாமல் இருக்குமா? அவள் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "நீ போற இடத்துக்கு நாங்களும் வாரோம்த்தா" என்றார்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். அவள் மனம் குளிர்ந்து வீடு திரும்பினாள்.

நாலு நாள் கழித்து, அவள் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஜெய்தூன் வந்து வரப்பில் உட்கார்ந்தாள். கையில் கூடை இல்லை.

"நேத்து மண்டி கணக்கப்பிள்ளை காகிதத்தோட வந்திருந்தான், பழனியம்மா. நீ சந்தைக்குப் போயிருந்த நேரம்."

"என்ன காகிதம்?"

"வீட்டுக்கு வீடு கரண்டு விளக்கு இழுத்துத் தர்றாகளாம். சந்து முனையில குழாய் போட்டுத் தர்றாகளாம். எல்லாரும் கைநாட்டு வச்சிட்டாக." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டு ஆளும் வச்சிட்டாரு."

"பாய்க்கும் விளக்குத்தானா?"

"குடோன் வாசல்ல கறிக்கடைக்கு இடம் தர்றேன்னிருக்காக."

பழனியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "சரி. எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் வைக்கலேல்ல, அது போதும். ஒரு வீட்டுச் சொல்லு இருந்தாலும் வக்கீல்கிட்டப் போய் நிக்கலாம்."

ஜெய்தூன் முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுக்கா."

"மொதக் கையெழுத்தே அண்ணனோடதுதான். அதைப் பாத்துட்டுத்தான் மத்தவுக வச்சாக. வீட்டுக்காரனே போட்டுட்டான், நமக்கென்னன்னு."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய்க் கூட்டு. நாச்சிமுத்து கைகழுவி வந்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள், கூட்டு வைத்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

அவன் மறைக்கவில்லை. "குப்பை கொட்டுற இடம், யாரும் பயிர் பண்ணலேன்னு."

"உங்களுக்கு என்ன குடுத்தாக?"

"வாட்ச்மேன் வேலை." அவன் நெஞ்சைத் தடவினான். "புகையிலைத் தூசி உள்ள போய் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, பழனி. இன்னும் எம்புட்டு வருஷம் பொதி சுமப்பேன்? குடோன் வாசல்ல நாற்காலி போட்டு உக்காருற வேலை. நான் கேக்கல, அவுகளா சொன்னாக."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். அவன் இருமல் பொய்யில்லை என்பதும் தெரியும். இத்தனை வருஷமாக அந்த இருமலுக்கு இந்தப் பக்கம்தான் அவள் படுத்துத் தூங்கியிருக்கிறாள். ஆனாலும் தட்டைக் காட்டிக் கேட்டாள். "யாரும் பயிர் பண்ணலேன்னா, அந்த வெஞ்சனம் எங்கருந்து வந்துச்சு?"

நாச்சிமுத்து தட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து, கூட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனான்.

சித்திரை பிறந்ததும் ஆட்கள் வந்து தோட்டத்தை வெட்டினார்கள். இருபது வாழைக்கு மேல் தார் போட்டிருந்தது, பாதி இன்னும் முற்றவில்லை. வெட்டி விழ விழச் சந்தே வந்து நின்றது. தாரைத் தூக்கினார்கள், இலையை அறுத்தார்கள், தண்டை உரித்தார்கள். முருங்கைக்கு இரண்டு பேர் சண்டைகூடப் போட்டார்கள். யாரோ நியாயம் பார்த்து, "இது பழனியம்மாளுக்கு" என்று ஒரு பெரிய தாரை அவள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. நாச்சிமுத்துதான் எடுத்து உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டான். பழுக்கப் பழுக்க ஒவ்வொன்றாக அவனே தின்று தீர்த்தான்.

குடோன் எழும்பியது. சொன்ன சொல் தவறாமல் விளக்கும் வந்தது, குழாயும் வந்தது. சோலைமுத்து அந்த விஷயத்தில் நேர்மையான மனுஷர்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. சந்தில் ஓடி வந்த தண்ணீர் குடோன் சுவரில் முட்டி, வந்த வழியே திரும்பி ஏறியது. சாக்கடையும் மழையும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. கிணற்றுக்குள்ளும் இறங்கியது. மறுநாள் இறைத்த வாளித் தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஆண்கள் மண்டிக்குப் போய் முறையிட்டார்கள். என் இடத்துக்குள் நான் கட்டியிருக்கிறேன், தெருத் தண்ணீருக்கு நான் என்ன செய்ய முடியும் என்று சோலைமுத்து காப்பி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவர்கள் பழனியம்மாள் வாசலில் நின்றார்கள். பேசியது மலைச்சாமி. கிணற்றடிக்கு எதிர்வீட்டுக்காரர், காகிதத்தில் இரண்டாவது கைநாட்டு அவருடையது.

"உனக்குத்தான்த்தா தண்ணி போக்குத் தெரியும். எங்க வெட்டினா வடியும்னு சொல்லு. நாங்க வெட்டுறோம்."

அவளுக்குத் தெரியும். குடோனின் வடக்குச் சுவரோரம் இரண்டு முழம் இடைவெளி விட்டிருந்தார்கள். அதில் ஆழமாக ஒரு வாய்க்கால் எடுத்தால் முக்கால்வாசித் தண்ணீர் வடிந்துவிடும். மழை தொடங்கிய அன்றே அவள் அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

"குப்பை கொட்டின இடந்தானே அது" என்றாள். "அங்க தண்ணி எப்படிப் போகும்னு எனக்கென்ன தெரியும்?"

வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் மழை சற்று விட்டது. பழனியம்மாள் குடோன் வேலையில் மிஞ்சிக் கிடந்த செங்கற்களைப் பொறுக்கி வந்தாள். தன் வாசலில் இரண்டு வரிசை அடுக்கிக் களிமண் பூசினாள். வாசலுக்கு முன்னால் சாய்வாக ஒரு கரையும் போட்டாள். கை தேர்ந்த வேலை. சாயங்காலம் மறுபடி மழை பிடித்தபோது அவள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. கரையில் மோதிய தண்ணீர் அப்படியே திரும்பி எதிர்வீட்டுக்குள் போயிற்று. ஜெய்தூன் வீடு அரையடி தாழ்வு.

காலையில் ஜெய்தூன் தன் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். பின்னால் அரிசிக் குதிர் சாய்ந்து கிடந்தது. கரையைப் பார்த்தாள். அது வளைந்திருக்கிற வாகைப் பார்த்தாள். ஏழு வருஷம் கூடவே வாய்க்கால் வெட்டியவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"தெரிஞ்சுதான் கட்டினியா?"

பழனியம்மாள் பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை.

"தெரிஞ்சுதான்க்கா."

ஜெய்தூன் தலையை ஆட்டினாள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பழனியம்மாள் காத்திருந்தாள். ஏசியிருந்தால் பதிலுக்கு அந்தக் கைநாட்டைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். இரண்டு பேரும் அழுது தீர்த்திருக்கலாம். ஜெய்தூன் உள்ளே போய் ஈர அரிசியை முறத்தில் அள்ள ஆரம்பித்தாள்.

மழை ஓய்வதற்குள் மீரானும் செங்கல் அடுக்கினார். அது அடுத்த வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளியது. அவர்களும் அடுக்கினார்கள். கார்த்திகைக்குள் பதினான்கு வீட்டுக்கும் படி உயர்ந்துவிட்டது. நடுவில் சந்து மட்டும் சாக்கடையாக நின்றது. பன்றிகள் திரும்பி வந்தன. வடக்குச் சுவரோர வாய்க்காலைப் பற்றிப் பழனியம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை ஜெய்தூனிடம் மட்டும் சொல்லலாம் என்று எதிர்வீட்டு வாசல் வரைக்கும் போனாள். உள்ளே அம்மியில் மசால் அரைக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த கோடையில் மீரான் குடும்பம் பேகம்பூர்ப் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போனது. பழனியம்மாள் அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவள் வாசலில் நின்று, இந்த நாற்றம் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டபோதுதான் அவர்கள் போன விஷயமே பழனியம்மாளுக்குத் தெரிந்தது. ஆமாம், எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, பழனியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.