முழுப்படம்

ஒரு பெண் கடைக்குள் நுழைந்ததுமே அவளுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பெற்றீசியா சொல்லிவிடுவாள். பருத்தவளுக்கு நெடுங்கோடு, இடுப்பு அகன்றவளுக்குக் கீழே கடும் நிறம், ஒல்லிக்குப் பெரிய பூ. ஹட்டனில் அவள் வேலை பார்த்த புடவைக்கடையைத் தேடி ஆட்கள் வந்ததே அவளுக்காகத்தான்.

அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு தாய் தன் மகள் சுகந்தமலரைக் கூட்டி வந்தாள். பிள்ளை ஈர்க்குச்சி மாதிரி இருந்தது.

“அரபு நாட்டு வேலைக்கு அனுப்ப ஏஜென்சிக்காரங்க நிக்குற மாதிரி முழுப்படம் கேக்குறாங்க. தெம்பானவளா, வயசு கூடுனவளா தெரியணும்.”

“நான் பாத்துக்குறேங்க,” என்றாள் பெற்றீசியா. வயதை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கை ஓடியிருக்காது. தடித்த உள்பாவாடை இரண்டைக் கட்டிவிட்டு, தோளில் பஞ்சு வைத்த பூப்போட்ட கவுன் ஒன்றை மேலே மாட்டிவிட்டாள். கண்ணாடியில் இருபத்தைந்து வயதுக்காரி ஒருத்தி நின்றாள். சுகந்தமலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே படமும் எடுத்தார்கள்.

மறு வருஷம் பெட்டி வந்தது. மாடியிலிருந்து விழுந்துவிட்டாளாம். திறந்து பார்க்க விடவில்லை.

ஹட்டன் பஸ் நிலையச் சுவரில் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டில் வேறு படமே இல்லை போலும். அதே கவுன், அதே சிரிப்பு. கீழே வயது பதினாறு என்று இருந்தது.

பெற்றீசியா அதன் முன்னால் நின்றாள். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணும் எட்டிப் பார்த்தாள்.

“அச்சடிச்சவன் வயசத் தப்பா போட்டுட்டான் பாருங்க. எவ்வளவு வாட்டசாட்டமா இருக்கா!”