இடப்பக்கத் துளை

14-11-1974, வியாழன்.

திங்களன்று நகல் எடுத்த வரைபடத்தில் ஒரு சிறிய தவறு செய்திருக்கிறேன். வலப்பக்கம் வரவேண்டிய துளையை இடப்பக்கம் வைத்துவிட்டேன். பக்கத் தோற்றத்தை எதிர்ப்புறம் வரையும் முறையைத்தான் மாலை வகுப்பில் கற்றுத்தருகிறார்கள். ஆவடிப் பக்கத்துப் பெரிய கம்பெனியில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வரைகிறார்கள். தாளின் மூலையில் அதற்கான குறி இருந்தது. நான் பார்க்கவில்லை.

நான் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி லட்சுமணன் அண்ணன் பட்டாபிராம்காரர். பெங்களூரில் டூல் மேக்கர் பயிற்சி முடித்தவர். ராஞ்சியில் கிடைத்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, அம்பத்தூரில் கொட்டகை எடுத்து இரண்டு லேத் போட்டார். துளைபோட வழிகாட்டும் ஜிக் என்ற கருவிக்கு அந்தக் கம்பெனி மாதிரி கேட்டிருந்தது. அது தேறினால் வருடம் முழுக்க வேலை, தேறாவிட்டால் ராஞ்சி என்று சொல்லியிருந்தார்.

நேற்றுக் காலை கொண்டுபோனதைத் திருப்பிவிட்டார்கள். லேத் ஓட்டும் வேம்புலி, அண்ணனோடு பள்ளியில் படித்தவர்.

"இன்னா தம்பி, ஓட்டைய அந்தாண்ட போடத்தான் தெனிக்கும் சைக்கிள் மிதிச்சிகினு கிளாசுக்குப் போறியா?" என்றார்.

"உடு மச்சான். ஒரிஜினல நான் பாத்திருக்கணும்," என்றார் அண்ணன்.

இன்று மதியத்துக்குள் புதிதாக ஒன்று செய்து முடித்தோம். அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரி. சாக்கில் சுற்றி எடுத்துப்போனோம். கம்பெனி அதிகாரி அதைப் பிரிக்கச் சொல்லவில்லை. பூனாக்காரர்களுக்கு நேற்று மாலையே ஆர்டர் போய்விட்டதாம்.

"நேத்தே சரியா வந்திருந்தா உங்களுக்குத்தான் சார்," என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் டீக்கடை போனில் கிண்டி வியாபாரி ஒருவரிடம் பேசினார். லேத்துகளை அவர் முன்பே விலைக்குக் கேட்டிருந்தார். கொட்டகைக்குத் திரும்பி, லேத்துகளை விற்றுவிட்டு ராஞ்சிக்குப் போவதாக வேம்புலியிடம் சொன்னார்.

"ராஞ்சில குளிரு ஜாஸ்தியாமே. கம்பளி வாங்கிக்கோ," என்றார் வேம்புலி.

"நீ இன்னா பண்ணுவே?"

"எனக்கின்னா மச்சான். லாரி ஷெட்டுல பீப்பா உருட்டுவேன். அதுக்குப் படம் வரைய வேணாம்."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

படித்துவிட்டு இங்கேயே வேலை பார்க்கலாம் என்று அண்ணனைப் பார்த்துத்தான் நானும் வகுப்பில் சேர்ந்தேன். இந்த ஆர்டர் கிடைத்திருந்தாலும் இன்னொரு மாதம் வேறொரு காரணத்தால் அண்ணன் கொட்டகையை மூடியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்ப முடியவில்லை. இன்று வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: இரண்டு லேத்துகளையும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். வியாபாரி பத்து மணிக்கு வருகிறார்.