வைத்த பெயரும் விழுந்த பெயரும்

தோல்பை தைக்கும் பைக்காரர் வீட்டில் பெயர் பதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு, அதில் எந்தப் பெயரைக் கோத்து அழுத்தினாலும் அந்தப் பெயர் விழாது. பையோ பர்ஸோ யாருடையதோ, அவருக்கு வாழ்க்கையில் ஆகப் பெரிய நன்மை செய்த ஆளின் பெயர்தான் பொன்னெழுத்தில் விழும். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம், பிறகு சண்டை வரக் கூடாதே என்று.

இயந்திரத்தைச் செய்தது பைக்காரர் அல்ல, அவர் மனைவி. தெருவில் அவளை மோட்டாரக்கா என்பார்கள். வீட்டின் முன்னறையில் பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. அவர் பக்கம் தோல், ஊசி, மெழுகு போட்ட நூல். அவள் பக்கம் ரிப்பேருக்கு வந்த சுற்றாத மின்விசிறிகள், சூடாகாத இஸ்திரிப் பெட்டிகள், சத்தம் மட்டும் போடும் மிக்ஸிகள். நடுவில் கோடு எதுவும் கிடையாது. ஆனால் அவருடைய கத்தரிக்கோல் அவள் பக்கம் போய் ஒரு ஒயரை வெட்டிவிட்டால் அன்று சாப்பாட்டில் உப்பு கூடும். பைக்காரர் அந்தக் காலத்தில் பித்தளை எழுத்துகளை அடுப்பில் காட்டி, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தித்தான் பெயர் பதித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. தைப்பதற்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. தைக்கும்போது நூல் கையைப் பிடித்துக்கொண்டது. எழுத்து பதிக்கும்போதுதான் கைக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. டாக்டர் ஒருவரின் பெயர் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப்போல் சாய்ந்து நின்றது. அதன்பின் பைக்காரர் வருகிறவர்களிடம், "பேர் எதுக்குங்க, பை நல்லா இருந்தா போதாதா?" என்று சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு மோட்டாரக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"கைய விடுங்க. அழுத்தற வேலைய இரும்புகிட்ட கொடுத்துரலாம்," என்றாள் ஒருநாள், ஸ்க்ரூ டிரைவரை வாயில் கடித்துக்கொண்டே.

பழைய இரும்புக் கடையில் ஒரு டிரில் ஸ்டாண்டு கிடைத்தது. டிரில் இல்லை, நெம்பினால் இறங்கி ஏறும் கைப்பிடி மட்டும் இருந்தது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். லேத்துப் பட்டறை வைத்திருந்த அவள் தம்பி ஒரு அலுமினியக் கட்டியைச் செதுக்கி, துளை போட்டுக் கொடுத்தான். செத்துப்போன இஸ்திரிப் பெட்டியிலிருந்து சூடேற்றும் கம்பியை எடுத்து அந்தக் கட்டிக்குள் வைத்தாள். எழுத்துகளை வரிசையாகக் கோக்க அடியில் தவாளிப்பு, அதாவது பித்தளையில் ஒரு நீளப் பள்ளம், அவை நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு திருகாணி. முதல் முறை சூடு தண்டு வழியாக மேலேறி, கைப்பிடியைத் தொட்ட பைக்காரர் துள்ளிக் குதித்தார். இடையில் சூடு கடத்தாத மைக்கா தகடு வைத்தாள், சரியாயிற்று. அடுத்தது சூட்டின் அளவு. குறைந்தால், தோலுக்கும் எழுத்துக்கும் நடுவே விரிக்கும் பொன்தாளில் இருக்கும் பூச்சு தோலில் ஒட்டாமல் பொருபொருவென்று உதிர்ந்தது. கூடினால் பூச்சு உருகிப் பரவி, மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அடைத்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் முரட்டு மாடு மாதிரி, இழுத்தால் நிற்காது, விட்டால் ஓடும். கடைசியில் பேக்கரிக்காரர் தூக்கிப் போட்ட மின்சார அடுப்பிலிருந்து நல்ல தெர்மோஸ்டாட் ஒன்று கிடைத்தது. துண்டுத் தோல்களில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கோத்த எழுத்து கோத்தபடியே விழுந்தது, புள்ளி புள்ளியாகவே நின்றது. துண்டுத் தோலுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை அல்லவா, அதனால் அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பைக்காரர் நடுங்கும் கையால் நெம்பை இழுத்துப் பார்த்தார். கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். "என்ன பார்க்கறீங்க, அடுத்த எழுத்த வைங்க," என்றாள் அவள்.

முதலில் வந்த வேலை தபால்காரருடைய பர்ஸ். அவர் பெயரைக் கோத்து, தாளை விரித்து, அழுத்தி எடுத்தால் வேறு யாரோ ஒருவரின் பெயர் விழுந்திருந்தது. தவாளிப்பில் தபால்காரர் பெயர்தான் இருந்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி, ஒழுங்காக. பைக்காரர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தபால்காரர் பர்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இளம் வயதில் ஒருநாள் அவர் வாழ வேண்டாம் என்று முடிவு செய்து தண்டவாளத்தில் போய் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கமாகக் கூடையோடு வந்த காய்கறிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல், கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், இவர் எழுந்து அவரோடு நடந்து வரும்வரை. அந்தக் காய்கறிக்காரரின் பெயர் அது. "இது இப்படியே இருக்கட்டும்," என்றார் தபால்காரர், பர்ஸைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

மளிகைக்கடைக்காரர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அவருடைய பர்ஸில் அவர் கேள்வியே படாத ஒரு பெண்ணின் பெயர் விழுந்தது. "என் பேர அடிக்கச் சொன்னா எவ பேரையோ அடிச்சு வச்சிருக்கீங்க! வீட்ல நான் என்னன்னு சொல்றது?" என்று வாசலில் நின்று கத்தினார். வீட்டில் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் மனைவி பல நாள் அவருக்குப் பாத்திரங்கள் வழியாகத்தான் பதில் சொன்னாள். கடைசியில் ஊரிலிருந்து வந்த அவர் அக்காதான் பர்ஸைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர் உனக்கு எப்படிடா தெரியும்? நீ பொறந்தப்ப அம்மா ஜுரத்துல கிடந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரிதான் தன் பிள்ளையோட சேர்த்து உனக்கும் பால் கொடுத்தா," என்றாள். அன்று சாயங்காலம் மளிகைக்கடைக்காரர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, தெரு பார்க்கக் கும்பிட்டுவிட்டுப் போனார். சொந்தக்காரருக்கே தெரியாத பெயரும் இயந்திரத்துக்குத் தெரியும் என்பது அப்போதுதான் விளங்கியது.

மோட்டாரக்கா இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்காமல் இல்லை. கம்பியை மாற்றினாள், எர்த்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், எழுத்துகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தாள். பிறகு மூடித் திருகிவிட்டாள். "ரிப்பேருன்னா ஏதாவது ஒண்ணு வேலை செய்யாம இருக்கணும். இது நல்லாத்தானே வேலை செய்யுது," என்றாள். அதன்பின் வந்த வருடங்களில் தோல் விலை ஏறியது, பொன்தாள் மட்டமாக வர ஆரம்பித்தது, தெருவுக்குத் தார் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பானது, ஏனென்றால் தங்கள் பையில் விழுந்த பெயர்களைத் தேடிப் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். சிலர் சமாதியைத்தான் கண்டார்கள், அங்கேயும் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தார்கள். பேசாத அண்ணன் தம்பிகள் பேசினார்கள். ஒரு வக்கீலுக்கு அவர் ஜென்ம விரோதியின் பெயர் விழுந்தது. அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "அவன் மட்டும் அன்னிக்கு என்னை அந்தக் கவுந்துபோன படகுல ஏறவிட்டிருந்தா நான் இன்னிக்கு இல்ல," என்று ஒப்புக்கொண்டார். வழக்கை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

ஊருக்கெல்லாம் பெயர் பதித்த வீட்டில் மூன்று பைகள் மட்டும் வெறுமையாகத் தொங்கின. ஒன்று பைக்காரருடையது, ஒன்று மோட்டாரக்காவுடையது, ஒன்று அவர்கள் மகளுடையது. காரணம் இருவருக்கும் தெரியும், பேசிக்கொண்டது கிடையாது. மகள் அவர்கள் பெற்ற பிள்ளை அல்ல. ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து கைக்குழந்தையாக எடுத்து வந்தார்கள். இல்லத்து அம்மாள், "பெத்தவ பேர் சொல்லாம விட்டுட்டுப் போயிட்டா. ஆனா குளிப்பாட்டி, வயிறு நிறையப் பால் கொடுத்து, சட்டை மாட்டித்தான் விட்டுட்டுப் போயிருக்கா," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து குழந்தை சிரித்தபோதும், தவழ்ந்தபோதும், பள்ளிக்கூடத்திலிருந்து பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தபோதும், பைக்காரர் முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் நன்றி சொன்னார். பெயர் தெரியாததால் அந்த நன்றி போகிற இடம் தெரியாமல் அவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மகளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தார்கள். நாளை சொல்லலாம் என்பதிலேயே மகள் வளர்ந்து, படித்து, தூரத்து நகரத்தில் வேலையும் வாங்கிவிட்டாள்.

"ஊருக்கே பேர் அடிக்கறீங்க. என் பையில மட்டும் ஏம்பா ஒண்ணும் இல்ல?" என்றாள் அவள், கிளம்புவதற்குச் சில நாள் முன்பு.

"வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கும்மா பேரு?" என்றார் பைக்காரர். டாக்டரின் பெயர் சாய்ந்த காலத்துச் சிரிப்பு அது. மகள் அம்மாவைப் பார்த்தாள். மோட்டாரக்கா கையிலிருந்த மின்விசிறியைக் கீழே வைத்தாள்.

"மெஷின் சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிரலாங்க," என்றாள்.

பகல் வெளிச்சம் முன்னறை முழுக்க இருந்தது. பைக்காரர் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். மீதியை மோட்டாரக்கா சொன்னாள், ஒயர் இணைப்புகளை விளக்குவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் விடாமல். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள். மறுநாள் காலை, கண் வீங்கிய மகள் காபி டம்ளரோடு வந்து நின்றாள். கோபமாக இருந்தாள். "இத்தனை வருஷம் இதை வயித்துல வச்சுக்கிட்டு எப்படித்தான் சோறு இறங்குச்சு உங்களுக்கு?" என்றாள். அவள் டம்ளரை வைத்துவிட்டு, ஆணியிலிருந்து தன் பையை எடுத்து வந்து இயந்திரத்தின் கீழே விரித்தாள். "சூடு பண்ணும்மா," என்றாள்.

எழுத்துகளை மகளே கோத்தாள், தன் சொந்தப் பெயரைத்தான். நெம்பில் கை வைத்தவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பைக்காரர் தன் நடுங்கும் கையை அவள் கைமேல் வைத்தார். நடுக்கம் அவள் கைக்குள்ளும் போனது. இருவருமாக அழுத்தினார்கள். தாளை உரித்தபோது மூன்று பேரும் முன்னே பின்னே கேட்டிராத ஒரு பெண்ணின் பெயர், புள்ளி கூட அடைக்காமல், பளிச்சென்று இருந்தது.

மகள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "அவங்க எதுக்கு எனக்கு ஆகப் பெரிய நல்லது செஞ்சவங்க? விட்டுட்டுத்தானே போனாங்க? நீங்கதானே வளர்த்தீங்க?" என்றாள். மோட்டாரக்கா யோசித்துப் பார்த்தாள். "உன்னை எங்ககிட்ட அனுப்பினது அவங்கதானே," என்றாள். மகள் அதை ஒப்புக்கொண்டாளா என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இயந்திரம் சூடாகத்தான் இருந்தது. பைக்காரர் தன் பழைய பையை எடுத்து வந்தார். தன் பெயரைக் கோத்து அழுத்தினார், அதே பெண்ணின் பெயர் விழுந்தது. மோட்டாரக்காவின் பையிலும் அதே பெயர்தான். பைக்காரர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளை விரலால் தடவியபடி, இத்தனை வருடம் பெயரில்லாமல் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது பெயர் சொல்லிச் சொன்னார், சத்தமாகவே. அழுதபடிதான் சொன்னார், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அழுகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெண்ணைத் தேடினார்கள். இல்லத்தில் கேட்டார்கள், பேப்பரில் போட்டார்கள். அகப்படவில்லை. அந்தப் பெயரில் ஊருக்கு நூறு பேர் இருந்தார்கள். மகள் நகரத்துக்கு வேலைக்குப் போனாள். வாசலருகே தொங்கும் இரண்டு பைகளிலும் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்து, புதிதாக வருகிறவர்கள் அதுதான் கடையின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே வழி கேட்டு வர ஆரம்பித்தார்கள், ஆட்டோக்காரர்களும் அந்தப் பெயருக்குச் சரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மகளுடைய அலுவலகத்தில் பையைப் பார்த்து அதுதான் அவள் பெயர் என்று எண்ணி அப்படியே கூப்பிட்டார்கள். முதலில் அவள் திருத்தினாள். அப்புறம், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தாள்.