இருபது மூச்சுகள்

ஒலிப்பதிவு அறையில் அக்கா நாற்பது நிமிடமாக ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். தம்பியின் குரல் கிதாருக்குப் பின்னால் பதுங்குகிறது, எவ்வளவு கூப்பிட்டாலும் முன்னால் வர மாட்டேன் என்கிறது என்பது அவள் புகார். மயிரிழை அளவு வலது பக்கம் திருப்பினாள், குரல் லேசாகத் தெளிந்தது. இன்னும் அரை மயிரிழை திருப்பினாள், சொற்களின் ஓரமெல்லாம் துலங்கின. அடடா, அதிகமாகிவிட்டது, கொஞ்சம் பின்னால் போகட்டும். இதுதான், இதேதான்! பாடிய தம்பியையே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இப்போது கேள் என்று பெருமையோடு நாற்காலியில் சாய்ந்தாள். அவன் குனிந்து பார்த்தான். "அக்கா, அந்தப் பட்டன்ல லைட்டே எரியலையே" என்றான். குமிழ் அணைந்து கிடந்தது. நாற்பது நிமிடமும் அந்தக் குரலில் ஒரு துளிகூட மாறியிருக்கவில்லை.

குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன்செய்கிற மிக்ஸிங் தொழிலில் இப்படி ஒருமுறையாவது மூக்குடைபடாத ஆள் கிடையாது. கை திருகும், கண் பார்க்கும், மனசு மாறிவிட்டதென்று நம்பும், காதும் கூடச் சேர்ந்து ஆமாம் போடும். தம்பி இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டில் சாப்பாட்டு மேசையில் தன் மனைவிக்கு அக்கா குமிழ் திருகும் அழகை நடித்துக் காட்டினான், கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொள்வது உட்பட. அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாள். பதினோரு வருடமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவள் அவள். சத்தத்தை முணுமுணுப்பு அளவுக்குக் குறைத்துக் கேட்பது, கதவைத் திறந்துவைத்துப் பக்கத்து அறையில் நின்று கேட்பது, முக்கால் மணிக்கொருமுறை எழுந்து தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து கேட்பது என்று சின்னக் குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு அந்தக் காதை வளர்த்திருந்தாள். அது இப்படிப் பச்சையாகப் பொய் சொல்லும் என்றால் இதுவரை சொன்னதில் எதுதான் நிஜம்?

அன்றே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். எந்த வித்தியாசம் கேட்டாலும் உடனே நம்பக் கூடாது. மாற்றுவதற்கு முன்னும் பின்னுமான இரண்டு வடிவங்களையும் கம்ப்யூட்டர் கலைத்துப் போட வேண்டும், எது எதுவென்று தெரியாமல் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்ல வேண்டும். பத்தில் குறைந்தது எட்டு சரியாக இருந்தால்தான் அது காது கேட்டது. இல்லாவிட்டால் வெறும் பிரமை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரமே அந்தச் சட்டத்தை அவள் பாதிதான் கடைப்பிடித்தாள். தம்பியின் தொகுப்பில் மொத்தம் பத்துப் பாட்டுகள், எட்டு மாதமாக ஒவ்வொன்றாகப் பதிவாகி வந்தன. ஏழாவது பாட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வரிக்கும் வரிக்கும் நடுவே பாடகன் இழுக்கும் மூச்சை வெட்டுவதும் குறைப்பதும் மிக்ஸிங்கில் தினப்படி வேலை, வீடு பெருக்குவது மாதிரி, யோசிக்காமல் கை அதுபாட்டுக்குச் செய்யும். அன்றைக்கு ஒரு மூச்சின் முடிவில், உள்ளே போன காற்று நிற்கிற இடத்தில், மெலிசாக ஏதோ கீச்சிட்டது. சரியாகச் சாத்தாத ஜன்னலில் காற்று நுழைகிற மாதிரி. அவள் கை நின்றது. பிறகு, ஆரம்பித்துவிட்டாயா, இன்னொரு குமிழா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சோதித்துப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் வேலை கிடந்தது. அந்த மூச்சை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

இன்றைக்குக் காலையில் ஒன்பதாவது பாட்டில் மறுபடியும் அதே சத்தம். இந்த முறை ஒரு மூச்சில் இல்லை, எல்லா மூச்சிலும். மைக்கைச் சந்தேகப்பட்டாள், ஏ.சி.யைச் சந்தேகப்பட்டாள், தம்பி உட்காரும் நாற்காலியைப் பாடும் அறைக்குள் போய் ஆட்டிக்கூடப் பார்த்தாள். கடைசியில் பாட்டையே கேட்டாள். முதல் பாட்டில் இரண்டு வரியை ஒரே மூச்சில் பாடியவன் இதில் ஒரு வரியை இரண்டாக உடைத்துப் பாடியிருந்தான். போன வாரம் பதிவின்போது அந்த இடத்தைத்தான், என்ன உணர்ச்சிடா என்று அவள் பாராட்டியிருந்தாள். அது உணர்ச்சி இல்லை, மூச்சுப் போதவில்லை.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை என்பதுதான் கொடுமை. ஒன்பது வயதில், சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா மூச்சு இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். வெறும் அலர்ஜி என்றே ஒரு வருடம் ஓட்டினார்கள். அடுத்த வருடம் அப்பா இல்லை. தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது, அவனுக்கு எதுவும் தெரியாது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த உலகத்தில் அந்தச் சத்தத்தைத் தெரிந்த காது இன்று இவளுடையது ஒன்றுதான், அதுவும் நாற்பது நிமிடம் பொய் சொன்ன காது.

வெட்டிப்போட்டவை எல்லாம் பழைய மூலப் பதிவுகளில் அப்படியே இருந்தன. முதல் பாட்டிலிருந்து பத்து மூச்சு, ஒன்பதாவதிலிருந்து பத்து மூச்சு தனித்தனியாக எடுத்தாள். சத்தத்தின் அளவு காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று இருபதையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் கலைத்துப் போட்டது. கண்ணை மூடி ஒவ்வொன்றாகக் கேட்டு, தாளில் பழசு, புதுசு, புதுசு, பழசு என்று கிறுக்கினாள். படிக்கிற காலத்தில் எந்தப் பரீட்சைக்கும் வேண்டிக்கொள்ளாதவள், இதில் எப்படியாவது தோற்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பன்னிரண்டுக்கு மேல் சரியாக வராவிட்டால் போதும், எழுந்துபோய் நிம்மதியாகச் சாப்பிடலாம். விடையைத் திறந்து ஒப்பிட்டாள். இருபதுக்கு இருபது.

அவள் மறுபடி கலைத்தாள், மறுபடி எழுதினாள். மறுபடியும் இருபது. சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது.

இரண்டரை மணிக்குத் தம்பி வந்தான். கடைசிப் பாட்டில் கடைசி வரி மட்டும் பாக்கி. மாடிப்படி வளைவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அந்த இடத்தில்தான் அவனுக்கு மெசேஜ் வருகிறது. மனைவியோடு கொஞ்சல் என்று அவளும் கிண்டல் செய்திருக்கிறாள். இன்று மேலே நின்று எட்டிப் பார்த்தாள். போனின் திரை கறுப்பாக இருந்தது.

அவனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். என்னவென்று சொல்லவில்லை. மூச்சுகள் ஓடின. கேலியாக ஏதாவது வரும், குமிழ்க் கதையை எடுப்பான், அதற்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் அவள் தயார் செய்து வைத்திருந்தாள். அவன் ஆறோ ஏழோ கேட்டான். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தான். முகத்தில் சிரிப்பில்லை, அதிர்ச்சியும் இல்லை.

"ரெண்டு மாசமா படி ஏறினா இழுக்குது" என்றான். "உங்கிட்ட சொல்ல வேணாம்னு நெனச்சேன். ஏதாவது இருந்தா நீயே கண்டுபிடிச்சிருவேன்னு இருந்தேன். என் மூச்சை என்னைவிட அதிகமா கேட்டவ நீதானே. நீ ஒண்ணும் சொல்லல. சரி, ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்."

ஏழாவது பாட்டிலேயே கேட்டுவிட்டேன், கேட்டுத்தான் வெட்டிப் போட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னாள். அப்பாவைப் பற்றியும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. நாலு மணிக்குத்தான் டாக்டர் உட்காருவார், நானும் வருகிறேன், இப்போதே போய்க் காத்திருக்கலாம் என்று பையை எடுத்தாள்.

"ஒரு வரிதான்க்கா. அத முடிச்சிட்டுப் போயிரலாம்."

வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவன் அதற்குள் பாடும் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன்னால் நின்றுவிட்டான். ஒரு வரிதானே, அரை நிமிடம்கூட ஆகாது, இவனிடம் வாதாடி நேரத்தைக் கடத்துவதற்குப் பதில் முடித்துவிட்டே போகலாம் என்று பதிவை ஓடவிட்டாள். கிதார் வந்தது, தாளம் வந்தது. அவன் பாட வேண்டிய இடம் நெருங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் தோள்கள் மேலே எழும்பின, கம்ப்யூட்டர் திரையில் மூச்சின் கோடு கீற ஆரம்பித்தது. அவன் நுழைய வேண்டிய இடம் வந்தது, கடந்தும் போனது. தாளம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தோள்கள் இன்னும் இறங்கவில்லை, இழுத்து முடியாத மூச்சின் அந்த மெல்லிய கோடு மட்டும் திரையில் நீண்டுகொண்டே போனது.