பாக்டீரியாவுக்கு அனுமதி இல்லை

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த ஃபிளாட்டுகளின் கேட்டில் செவ்வாய்க்கிழமை காலை ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் எட்டு வருடமாக வேம்புலியம்மாள் மேசை போட்டு இட்லி மாவு பாக்கெட் விற்கிறாள். படிக்கத் தெரியாத அவள், மாவு வாங்க வந்த மைதிலியிடம் கேட்டாள்.

"இன்னா பாப்பா போட்டுக்கீறாங்க?"

மைதிலி தயங்கினாள். கையெழுத்துப் போட்டிருந்தவர் அவள் கணவர் சிவராமன், குடியிருப்போர் சங்கச் செயலாளர். "உங்க மாவுல பாக்டீரியா இருக்காம்மா. பாக்கெட் வெடிச்சிடுச்சாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பதில் சொல்லணுமாம். இல்லேன்னா இங்க மேசை போடக் கூடாதாம்."

வேம்புலியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கோவில்பதாகையில் தன் வீட்டு வாசலில் வைத்து விற்றால் பத்துப் பேர் வந்தால் அதிகம். இந்த மேசை போனால் கிரைண்டரைத் துடைத்து மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பாக்டீரியான்னா? பல்லி மாதிரியா?"

மைதிலி பள்ளியில் அறிவியல் நடத்துபவள். "கண்ணுக்கே தெரியாத உயிர். அரிசியிலயும் உளுந்துலயும் ஒட்டிக்கிட்டே வரும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைச்சா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். மாவுல இருக்கிற சர்க்கரையைத் தின்னுட்டுப் புளிப்பையும் காத்தையும் விடும். அதனாலதான் மாவு பொங்குது."

"அட, அதுங்களா!" வேம்புலியம்மாள் சிரித்துவிட்டாள். "என் பொழப்பே அதுங்கதான். அதுங்களுக்குப் பேரு வேற வெச்சிக்கீறாங்களா?"

பெயர்தான் தெரியாதே தவிர, குணம் அவளுக்கு அத்துப்படி. மார்கழியில் அதுகள் சோம்பேறிகள். குண்டானைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் அசையும். சித்திரையில் நாலு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும். உப்பு கூடினால் முரண்டு பிடிக்கும். ஐஸில் வைத்தால் சாகாது, தூங்கும். கொதிக்கும் ஆவிதான் அதுகளுக்கு எமன். வெந்த இட்லியில் ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு குணமும் உண்டு. அதுகள் விடும் புளிப்பு ஏற ஏற, அந்தப் புளிப்பே தாங்காமல் அதுகளின் வளர்ச்சி நின்றுபோகும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதே குணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சிவராமன் புரொஜெக்டரில் பன்னிரண்டு படங்கள் ஓட்டினார். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். மாவு மட்டும் தப்புமா? எட்டாவது படத்தில் வெடித்த பாக்கெட், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி.

"சோடா கலந்திருக்கீங்க. இல்லேன்னா எங்க கிச்சன்ல வெச்ச பாக்கெட் எப்படி வெடிக்கும்?"

"நீ எத்தினி மணிக்கு வாங்கினே நைனா?"

"காலைல ஏழரைக்கு."

"வெடிச்சது?"

"சாயங்காலம் பார்த்தேன்."

வேம்புலியம்மாள் கூடையிலிருந்து மூன்று பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "காலைல ஒரே குண்டான்லருந்து கட்டினது. ஒண்ணை ஃப்ரிட்ஜ்ல வெய். ஒண்ணை உன் கிச்சன்ல வெய். மூணாவதை வெயில்ல நிக்கிற கார்ல வெய். எது வெடிக்குதுன்னு எல்லாரும் கண்ணால பார்ப்போம். சோடா கீதுன்னா மூணுமே வெடிக்கணும். உன் கார் சாவியைக் குடு."

சிவராமன் சாவியைத் தேடுவதுபோலச் சட்டைப் பையைத் தடவினார்.

"கார் வேண்டாம்மா," என்றாள் மைதிலி பின்வரிசையிலிருந்து. "அன்னிக்கு வெடிச்சதே இன்னும் சீட்டுக்கு அடியில வளந்துட்டிருக்கு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கதை வெளியே வந்தது. மாவை வாங்கியவர் மறுபடி லிஃப்டில் ஏற அலுத்துக்கொண்டு காரில் போட்டிருக்கிறார். ஆவடி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறியிருக்கிறார். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் எட்டு மணி நேரத்தில் ஒன்று அறுபத்தையாயிரத்தைத் தாண்டும். ஆரம்பத்தில் இருப்பதோ ஒன்றல்ல, கோடிக்கணக்கு. அத்தனையும் விட்ட காற்று இறுகக் கட்டிய பாக்கெட்டில் வேறு எங்கே போகும்?

ஆனால் செயலாளர் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. "அதெல்லாம் சரி. பாக்டீரியா இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல? இனிமே பாக்டீரியா இல்லாத மாவுதான் இங்க விக்கணும். தீர்மானம்." சிரித்த வாயோடே பாதிப் பேர் கை தூக்கினார்கள்.

"ஆவட்டும் நைனா," என்றாள் வேம்புலியம்மாள். மைதிலிதான் கவலையோடு பார்த்தாள்.

மறுநாள் விடியற்காலை அரைத்த மாவை அரைத்த சூட்டோடு ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள் வேம்புலியம்மாள். "அடியோட இல்லாம பண்ண என்னால ஆவாது. ஒண்ணுகூட வளராம தூங்கவெச்சுக் கொணாந்துக்கீறேன். தீர்மானம் போட்டவங்கல்லாம் இதை வாங்கு. ஊட்டுக்குப் போனதும் ஊத்திடு, முழிச்சிக்கப் போவுது!"

அன்று பிள்ளைகளின் டிபன் டப்பாக்கள் பள்ளிக்கூடம் போய் அப்படியே திரும்பி வந்தன. சிவராமன் தட்டில் விழுந்த இட்லி 'டொக்' என்றது. மைதிலி சாம்பாரை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். "பாக்டீரியா சுத்தமா இல்ல. சாப்பிடுங்க."

புதன்கிழமை கேட்டில் புது அறிவிப்பு: 'பழைய மாவில் உள்ள அளவு பாக்டீரியாவுக்குச் செயற்குழு அனுமதி அளிக்கிறது.' வேம்புலியம்மாள் அதை மைதிலியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஏழரைக்குக் கார் வந்து நின்றது. கண்ணாடி நான்கும் திறந்தே இருந்தன, வாடை அப்படி. சிவராமன் கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஒரு பாக்கெட்."

அவள் பாக்கெட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"காரை ஆஃப் பண்ணு. எறங்கி வா. லிஃப்ட் அந்தாண்ட கீது."