நுமஜிரி வீட்டு மேப்பிள் கிளை

என் கணவர் இவாவோவுக்குக் கை சும்மா இருக்காது. குட்டைத் தொட்டி மரமான போன்சாய்க்காக மேப்பிள் வளர்க்கிறவருக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. விதை போட்டால் முளைத்துவிட்டதா என்று கிளறிப் பார்ப்பார். வேர் விட்டதா என்று தொட்டியைக் கவிழ்ப்பார். எங்கள் ஊரான அங்யோவில் எங்களுக்கு இருப்பது ஒரு சின்ன வயல். அதில் நட்ட கன்றின் அடி பருக்கப் பத்து வருஷம் ஆகும். அந்தப் பத்து வருஷத்தில் இவரிடமிருந்து அதைக் காப்பாற்றுவதுதான் என் வேலை.

போன வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார்.

"சிகுசா, வண்டில ஏறு. ஒரு கிளையைப் பாத்தேன்."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீடு. மதிலுக்கு மேலே மேப்பிள் ஒன்று கவிந்திருந்தது. அதன் கிளைகளில் ஒன்று மணிக்கட்டுத் தடிமன். கீழே இறங்கி, திரும்பி, மறுபடி மேலே எழுந்து மூன்றாகப் பிரிந்திருந்தது. கம்பி கட்டி இருபது வருஷம் வளைத்தாலும் நமக்கு அப்படி வராது. எனக்கே கை துறுதுறுத்தது.

வீட்டுக்காரர் நுமஜிரி, எழுபத்தெட்டு வயது. ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். வீட்டை விற்றுவிட்டார். செப்டம்பர் இருபதாம் தேதி இடிக்க வருகிறார்கள், மரமும் அதோடு போகும் என்றார். சிபாவில் மகள் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"கிளைய எடுத்துக்கோங்க, எனக்கென்ன? ஆனா இப்படியே அறுத்தா செத்துடுமே?"

"அறுக்க மாட்டோம்யா. மரத்துல இருக்கும்போதே வேர் விட வச்சு எடுப்போம்," என்றார் இவாவோ.

மறுநாளே விண்பதியம் போட்டோம். இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியைச் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் கட்டி, மேலே கறுப்புத் துணி. நுமஜிரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுசையும் பார்த்தார்.

"எத்தனை நாள்ல வரும்?"

"ஐம்பது நாள். எழுபதும் ஆகும். சிலது தொண்ணூறு."

"தேதியாச் சொல்ல மாட்டீங்களா?"

"மரம்யா அது."

கிழவர் முகம் சுருங்கியது.

அன்றே இவாவோவிடம் சத்தியம் வாங்கினேன். வாரம் ஒரு முறை ஊசியால் தண்ணீர் ஏற்றலாம், கட்டைப் பிரிக்கக் கூடாது. தலையாட்டினார். ஜூன் முழுக்க நிலைகொள்ளாமல் திரிந்தார். வயலுக்குப் போவார், திரும்புவார், சைக்கிளை எடுப்பார், என் முகத்தைப் பார்த்துவிட்டு வைப்பார்.

ஜூலை இருபதாம் தேதி இருவருமாகப் போய்ப் பிரித்தோம். பாசி தளர்ந்து, ஒரு பக்கம் காய்ந்து கிடந்தது. உரித்த இடத்தின் விளிம்பில் அரிசி முனை அளவுக்கு வேர்கள் வந்திருந்தன. வந்த வேர்கள் எல்லாம் ஒடிந்து பழுப்பேறிக் கிடந்தன. யாரோ பல தடவை பிரித்துக் கட்டியிருக்க வேண்டும். மறுபடி கட்டிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"சத்தியம் பண்ணீங்களே!"

"நான் தொடல."

"தொடாமலா ஒடிஞ்சுது? போன வருஷம் மூணு பதியம் போச்சே, அதுவும் தொடாமத்தானா? கை அரிச்சா சுவத்துல தேச்சுக்கோங்க, மரத்துல ஏன் தேய்க்கிறீங்க?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார், சாவியை என் மடியில் போட்டார், இறங்கி நடந்தார். அந்த வெயிலில் நாலு கிலோமீட்டர்.

பிறகு என்னோடு பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அவர் எதையுமே தொடவில்லை. வயல் ஓரத்தில் கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். களை ஏறியது. கம்பி இரண்டு கிளைகளில் பட்டைக்குள் புதைய ஆரம்பித்தது. நான்தான் வெட்டி எடுத்தேன்.

நாலாம் நாள் காலை, புதுப் பாசியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் நுமஜிரி வீட்டுக்குப் போனேன். மணி ஏழு இருக்கும். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. தோட்டத்துக்குச் சுற்றிப் போனேன். கிழவர் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கறுப்புத் துணி தோளில். கட்டு பிரிந்து கிடக்க, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாசியை விரலால் விலக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா!"

அவர் விழாமல் நான்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இது?"

"தினம்தாம்மா," என்றார், மண்ணைப் பார்த்துக்கொண்டு. "நாப்பது வருஷம் வண்டி வர்ற நேரம் தெரிஞ்சே வாழ்ந்தவன். எப்ப வரும்னே தெரியாத ஒண்ணு வாசல்லயே நிக்குது. பெட்டி எல்லாம் கட்டியாச்சு. வேற என்னதான் பண்றது? அன்னிக்கு நீங்க பிரிச்சுப் பாத்து மூஞ்சி மாறினப்பவே சொல்லியிருக்கணும். வெக்கமாப் போச்சு."

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஸ்டூலைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

இவாவோ வயல் ஓரத்தில் அப்படியே இருந்தார். எதிரில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுதுங்க" என்றேன். அவர் தொடைக்கு நடுவிலிருந்து கைகளை வெளியே எடுத்தார். பிறகு கேட்டார்:

"அந்தாளு மேல் முடிச்சைப் பிரிச்சாரா, கீழ் முடிச்சையா?"

"மேல் முடிச்சு."

"அப்ப கீழ ஈரம் இருக்கும். வா."

போனோம். செத்த வேர்களைச் சுரண்டி, விளிம்பைப் புதுசாகச் சீவி, மறுபடி கட்டினோம். கையில் மிச்சம் எட்டு வாரம். கிழவர் தூர நின்று விரல்களை நெறித்துக்கொண்டிருந்தார். இவாவோ மேல்முடிச்சில் ஒரு குழாயைச் செருகினார். நீள மூக்குப் பூவாளி ஒன்றைக் கிழவர் கையில் கொடுத்தார்.

"தினம் காலைல ஏழு மணி அஞ்சு நிமிஷம். ஒரு குவளைத் தண்ணி. முன்னயும் வேண்டாம், பின்னயும் வேண்டாம். மத்தபடி அது முகத்தையே நீங்க பாக்கக் கூடாது."

"ஏழு அஞ்சு," என்று நிமிர்ந்து நின்றார் நுமஜிரி.

செப்டம்பர் பதினேழாம் தேதி அறுத்தோம். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் வெள்ளை வேர்கள், ஆனால் பாதிச் சுற்றுக்குத்தான். மறுபாதி வெறும் கட்டை. இலைகளில் பாதியைக் கிள்ளி, அகலத் தொட்டியில் கட்டி நிறுத்தி, நிழலில் வைத்தோம். மூன்று நாள் கழித்து அந்த வீட்டை இடித்தார்கள். அந்தப் பக்கம் போக எனக்கு மனசு வரவில்லை.

சிபாவுக்குப் போய்விட்ட நுமஜிரியிடமிருந்து தினம் போன் வரும், ஏழு ஐந்துக்கு. இவாவோதான் எடுப்பார். "இலை நிக்குது." "இலை கொட்டுது, கொட்டுற காலம்தான்." "மொட்டு தூங்குதுய்யா, நீங்களும் தூங்குங்க."

ஏப்ரலில் மொட்டுகள் அவிழ்ந்தன. மூன்று பிரிவில் உச்சி மட்டும் கறுத்துச் செத்திருந்தது. இவாவோ அதைப் போனில் மறைக்காமல் சொன்னார்.

"மத்த ரெண்டு?"

"செக்கச் செவேல்னு துளிர்த்திருக்கு. வேர் இல்லாத பக்கம் சின்னக் கன்றுகளை ஒட்டு வைக்கணும். போன்சாய்த் தொட்டிக்கு வர எட்டு வருஷம்."

"எம்பத்தேழு ஆயிடும் எனக்கு," என்றார் நுமஜிரி. "சரி, மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வரேன். ஒம்பது நாப்பது வண்டி."

வந்துகொண்டுதான் இருக்கிறார். இருவரும் வயலில் அடுத்தடுத்து உட்கார்ந்து கன்றுகளைப் பற்றி வாக்குவாதம் செய்கிறார்கள். கிழவரை இவாவோ அன்றே மன்னித்துவிட்டார். அந்த நாலு நாளைப் பற்றி என்னிடம் மட்டும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டுவிடலாம் என்று தேநீரைக் கொண்டுபோய் வைக்கிறேன், பக்கத்தில் நிற்கிறேன், பிறகு களை எடுக்கப் போய்விடுகிறேன்.